தொலைநகலின் தந்தை அலெக்சாண்டர் பெயின்

நுழையும்முன்

ஒரு செய்தியை அனுப்புவதற்கும் அச்செய்தி எழுதப்பட்ட தாளின் உருவத்தையே அனுப்புவதற்கும் வேறுபாடு உண்டு. செய்தியை மட்டும் அனுப்பினால் அதன் பொருள் சென்று சேரும். எழுதியவரின் கையெழுத்தும் கையொப்பமும் சென்று சேரா. தாளின் உருவத்தையே கம்பி வழியாகத் தொலைவிடத்திற்கு அனுப்பலாம் என்பதை 1843ஆம் ஆண்டிலேயே எண்ணிப் பார்த்தவர் ஒரு கடிகாரத் தொழிலாளி. அவருடைய வாழ்க்கையையும், அவருடைய எண்ணம் நம் ஊர்வரை வந்து சேர்ந்த வழியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தென்சென்னைப் புறநகரும் தொலைநகலும்

ஜி.எஸ்.டி. சாலை என மக்கள் அழைக்கும் பெருஞ்சாலை கிண்டி, மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து தாம்பரத்தை அடைகிறது. சென்னையின் தொழில் வளர்ச்சியை இச்சாலையின் வழியே படித்துவிடலாம். 1958ஆம் ஆண்டு கிண்டியில் தொழிற்பேட்டை உருவாயிற்று. 1984ஆம் ஆண்டு தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதிச் செயலாக்க மண்டலம் அமைக்கப்பட்டது. இன்றும் அவ்வூர் மக்கள் அதனை ‘மெப்ஸ்’ என்றே அழைக்கின்றனர். அயல்நாடுகளுக்குப் பொருள்களைச் செய்து அனுப்பும் நிறுவனங்கள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாகத் தொழில் தொடங்கின.

அயல்நாட்டு வணிகத்திற்கு விரைவும் சான்றும் ஒருசேர வேண்டும். கொள்முதல் ஆணையில் வாங்குபவரின் கையொப்பம் வேண்டும். பொறிப்பகுதி ஒன்றைச் செய்ய வேண்டுமெனில் அதன் வரைபடம் வேண்டும். வங்கி அளிக்கும் கடன் உறுதிக் கடிதத்தில் ஓர் எழுத்துக்கூட மாறிவிடக் கூடாது. அஞ்சலில் அனுப்பினால் இவை வந்து சேர நாள்கள் பலவாகும். தந்தியில் அனுப்பினால் சொற்கள் மட்டுமே வரும். கையொப்பமும் வரைபடமும் வாரா. இந்த இடர்ப்பாட்டைத் தீர்த்த கருவி தொலைநகல் இயந்திரம். 1980களிலும் 1990களிலும் ஏற்றுமதி அலுவலகங்களில் தொலைபேசிக்கு அருகில் தவறாமல் இடம்பெற்றிருந்த கருவி அது. கடைத்தெருக்களில் இருந்த தொலைபேசி நிலையங்களின் பெயர்ப்பலகைகளிலும் தொலைநகல் என்னும் சொல் இடம்பிடித்தது.

இக்கருவியை இருபதாம் நூற்றாண்டின் படைப்பு என்றே பலரும் எண்ணுவர். ஆனால் இதன் அடிப்படைக் கருத்து, தொலைபேசி கண்டுபிடிக்கப்படுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது. அக்கருத்துக்கு உரியவர் அலெக்சாண்டர் பெயின்.

இளமைப் பருவம்

அலெக்சாண்டர் பெயின் 1810ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள கெய்த்னஸ் பகுதியில், வாட்டன் என்னும் சிற்றூரை அடுத்துப் பிறந்தார். தந்தை சிறு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டு வந்த ஏழை உழவர். அக்குடும்பத்தில் ஆண்மக்களும் பெண்மக்களுமாகப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தனர். பெயினுடன் இரட்டையராகப் பிறந்த தங்கை ஒருத்தியும் இருந்தாள். குளிரும் காற்றும் மிகுந்த அந்நிலத்தில் அத்தனை வயிறுகளை நிரப்புவதே பெரும்பாடாக இருந்தது.

பெயின் பள்ளிப் படிப்பில் சிறந்து விளங்கவில்லை. ஆனால் அசையும் பொருள்களின் இயக்கத்தை உற்றுநோக்குவதில் அவருக்குத் தணியாத ஆர்வம் இருந்தது. அதனை அறிந்த வீட்டார் அவரை விக் நகரில் இருந்த கடிகாரத் தொழிலாளர் ஒருவரிடம் பயிற்சியாளராகச் சேர்த்தனர். பற்சக்கரங்களின் கணக்கையும் ஊசலின் ஒழுங்கையும் அவர் அங்கே கற்றார்.

1830ஆம் ஆண்டு தர்சோ நகரில் ஒளி, வெப்பம், மின்சாரம் ஆகியவை பற்றி ஒரு பொதுச் சொற்பொழிவு நடைபெற்றது. பெயின் அதனைச் சென்று கேட்டார். மின்சாரம் அக்காலத்தில் அறிஞர்களின் ஆய்வுக்கூடத்துக்குள் மட்டுமே இருந்த வியப்பு. கம்பி வழியே கண்ணுக்குத் தெரியாமல் செல்லும் அந்த ஆற்றலைக் கொண்டு கடிகாரத்தை இயக்க முடியுமா என்னும் வினா, அன்றே அவருள்ளத்தில் வேரூன்றியது. கல்லூரி வாயிலை மிதிக்காத ஓர் இளைஞரின் வாழ்க்கைத் திசையை அந்த ஒரு சொற்பொழிவு மாற்றிவிட்டது.

இலண்டனில் ஒரு தொழிலாளி

பயிற்சிக்குப் பின் எடின்பரோவில் சில காலம் பணிபுரிந்த பெயின், 1837ஆம் ஆண்டு இலண்டன் சென்றார். கடிகாரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற கிளர்க்கன்வெல் பகுதியில் கூலித் தொழிலாளியாகச் சேர்ந்தார். பகலில் பிறருக்காகக் கடிகாரம் செய்தார். வேலை முடிந்தபின் அறிவியல் காட்சிக்கூடங்களில் நடைபெற்ற சொற்பொழிவுகளைக் கேட்டார். மின்காந்தக் கருவிகள் இயங்கும் முறையை அருகிலிருந்து கண்டார். எஞ்சிய நேரத்தில் தம் அறையில் தாமே கருவிகளைச் செய்து பார்த்தார்.

1840ஆம் ஆண்டளவில் மின்சாரத்தால் இயங்கும் கடிகாரத்தின் மாதிரியையும், எழுத்துகளை அச்சிடும் தந்திக் கருவியின் மாதிரியையும் அவர் உருவாக்கியிருந்தார். அவற்றை மேம்படுத்தப் பணம் வேண்டியிருந்தது. இதழாசிரியர் ஒருவர் அவரைப் பேராசிரியர் சார்லஸ் வீட்ஸ்டனிடம் அறிமுகப்படுத்தினார். வீட்ஸ்டன் அக்காலத்தில் தந்தித் துறையில் பெரும்புகழ் பெற்றிருந்தவர். பெயின் தம் மாதிரிகளை அவரிடம் நம்பிக்கையோடு இயக்கிக் காட்டினார். அவற்றுக்கு எதிர்காலம் இல்லை என்றும் மேற்கொண்டு உழைப்பது வீண் என்றும் வீட்ஸ்டன் அறிவுரை கூறி அனுப்பியதாகச் சொல்லப்படுகிறது.

மூன்று திங்கள் கழிந்தன. 1840 நவம்பரில் இலண்டன் ராயல் கழகத்தின் முன் வீட்ஸ்டன் மின்கடிகாரம் ஒன்றைத் தம் படைப்பாக விளக்கிக் காட்டினார். ஆனால் பெயின் அதற்கு முன்னரே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். 1841 சனவரியில் மின்கடிகாரத்துக்கான காப்புரிமை அவருக்கும் அவருக்குத் துணைநின்ற கடிகார நிறுவனத்தாருக்கும் வழங்கப்பட்டது. அதனைத் தடுக்க வீட்ஸ்டன் மேற்கொண்ட முயற்சி பலிக்கவில்லை.

இப்பூசல் அத்துடன் முடியவில்லை. 1846ஆம் ஆண்டு மின்தந்தி நிறுவனம் ஒன்றை நிறுவுவதற்கான சட்டமுன்வரைவு நாடாளுமன்றத்தின் முன் வந்தது. அதில் வீட்ஸ்டனின் கண்டுபிடிப்புகளுக்குப் பெரும்பங்கு இருந்தது. பெயின் சான்றளிக்க அழைக்கப்பட்டார். சொல்வன்மை இல்லாத, வடபுலப் பேச்சு வழக்கு மாறாத அத்தொழிலாளி நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு எடுத்துரைத்தார். பிரபுக்கள் அவை அவர்பக்கம் நியாயம் இருப்பதை உணர்ந்தது. அந்நிறுவனம் அவருக்குப் பெருந்தொகை கொடுத்து உடன்பாடு செய்துகொள்ள நேர்ந்தது. நாள்குறித்து அளிக்கப்பட்ட ஒரு விண்ணப்பத் தாளே புகழ்பெற்ற பேராசிரியரின் எதிர்ப்பையும் தாங்கி ஓர் ஏழையின் உரிமையைக் காத்து நின்றது. ஆவணத்தின் வலிமையைத் தம் வாழ்க்கையிலேயே கண்டவர் பெயின்.

தெரியுமா?

நேரத்தைக் கம்பி வழியே அனுப்புவது பெயினின் முதற்கனவுகளுள் ஒன்று. ஒரு தாய்க் கடிகாரத்தின் துடிப்பை மின்சாரத்தால் பல ஊர்க் கடிகாரங்களுக்கு அனுப்பலாம் என்பது அவருடைய திட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியத் தொடர்வண்டித் துறை சென்னை வானாய்வகத்தின் நேரத்தைப் பொது நேரமாகக் கொண்டிருந்தது. அது ‘மெட்ராஸ் நேரம்’ எனப்பட்டது. தந்திக் கம்பிகளே அந்நேரத்தைத் தொலைதூர நிலையங்களுக்குக் கொண்டுசேர்த்தன.

இரண்டு ஊசல்களும் ஒரு தாளும்

1843 மே 27ஆம் நாள் பெயின் பெற்ற காப்புரிமையே அவருடைய பெயரை வரலாற்றில் நிலைநிறுத்தியது. மின்னோட்டத்தை உண்டாக்குதல், கடிகாரங்களை ஒழுங்குபடுத்துதல், மின்தந்தி ஆகியவை தொடர்பான பல மேம்பாடுகளை அவ்வாவணம் விளக்கியது. அவற்றுக்கிடையே, ஓர் உருவத்தைப் படியெடுத்துத் தொலைவுக்கு அனுப்பும் முறையும் இடம்பெற்றிருந்தது. அதுவே தொலைநகலின் வித்து.

அம்முறையைக் கடிகாரத் தொழிலாளி ஒருவரால்தான் எண்ணியிருக்க முடியும். அனுப்பும் இடத்தில் ஓர் ஊசல். பெறும் இடத்தில் மற்றோர் ஊசல். மின்காந்தத்தின் துணையால் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே சீராக ஆடும். அனுப்பும் ஊசலின் முனை, மேடான உலோக எழுத்துகளின்மேல் உரசிச் செல்லும். மேட்டைத் தொடும்போது மின்னோட்டம் பாயும், பள்ளத்தில் நின்றுவிடும். பெறும் ஊசலின் முனை, வேதிக் கரைசலில் நனைத்த தாளின்மேல் ஆடும். மின்னோட்டம் வரும் நொடியில் தாளில் நிறம் படியும். வராத நொடியில் தாள் வெறுமையாக இருக்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் எழுத்துப் பலகையும் தாளும் ஒரு சிறு படி கீழே இறங்கும். இவ்வாறு வரிக்கு மேல் வரியாகக் கோடுகள் சேர, அங்கே இருந்த உருவம் இங்கே தோன்றும்.

இதன் சிறப்பை உணர, அக்காலத்துத் தந்தி முறையோடு ஒப்பிட வேண்டும். தந்தியில் எழுத்து ஒவ்வொன்றும் குறியீடாக மாற்றப்படும். மறுமுனையில் இருப்பவர் அக்குறியீட்டை மீண்டும் எழுத்தாக மாற்றுவார். இருமுனைகளிலும் அம்மொழியும் குறியீடும் அறிந்தவர் இருக்க வேண்டும். பெயினின் கருவிக்கு மொழி தேவையில்லை. அது எழுத்தைப் படிப்பதில்லை; மேடு, பள்ளம் என்னும் வேறுபாட்டை மட்டுமே அறியும். எந்த மொழி எழுத்தாயினும், எழுத்தே அல்லாத ஓவியமாயினும், அதற்கு எல்லாம் வடிவமே.

இன்று நம் கைப்பேசித் திரையில் தோன்றும் படமும் புள்ளிகளாகவும் வரிகளாகவும் பகுக்கப்பட்டே வருகிறது. உருவத்தை வரிகளாகப் பகுத்தல், ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புதல், மறுமுனையில் அதே ஒழுங்கில் அடுக்குதல் ஆகிய மூன்றும் பின்னர் வந்த தொலைக்காட்சிக்கும் அடிப்படையாயின.

விரைவுத் தந்தியும் வழக்குகளும்

பெயின் அடுத்ததாக வேதியியல் தந்தியில் கருத்தைச் செலுத்தினார். 1846ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். செய்தியை முன்கூட்டியே தாள்நாடாவில் துளைகளாக இட்டுக்கொண்டால், அந்நாடாவை மிக விரைவாக ஓட்டிச் செய்தியை அனுப்ப முடியும். மறுமுனையில் வேதித்தாள் அதனைக் குறிகளாகப் பதிந்துகொள்ளும். பிரான்சு நாட்டில் அறிஞர் குழுவின் முன் பாரிஸ் நகருக்கும் லில் நகருக்கும் இடையே நடந்த ஆய்வில், 282 சொற்கள் 52 நொடிகளில் சென்று சேர்ந்தன. கையால் விசையை அழுத்திச் செய்தி அனுப்பிய மோர்ஸ் முறையில் நிமிடத்திற்கு நாற்பது சொற்களை அனுப்புவதே அரிது.

பெயின் அமெரிக்கா சென்றார். அங்கே அவருடைய முறையில் தந்தித் தடங்கள் அமைக்கப்பட்டன. தம் காப்புரிமைக்கு இது மாறானது என்று மோர்ஸ் தரப்பினர் வழக்குத் தொடுத்தனர். தீர்ப்பு பெயினுக்கு எதிராக அமைந்தது. அவருடைய முறையைப் பின்பற்றிய தடங்கள் போட்டியாளரிடம் சென்று சேர்ந்தன. இலண்டனில் ஈட்டிய செல்வமெல்லாம் வழக்குகளில் கரைந்தது. கருவிகளின் நுட்பம் அறிந்த அளவுக்கு வணிகத்தின் நுட்பம் அவருக்குக் கைவரவில்லை.

தொலைநகல் துறையிலும் பிறர் அவரை முந்தினர். 1848ஆம் ஆண்டு பிரெடெரிக் பேக்வெல் என்னும் ஆங்கிலேயர், ஊசலுக்கு மாற்றாகச் சுழலும் உருளையைப் பயன்படுத்திய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1851ஆம் ஆண்டு இலண்டன் பொருட்காட்சியில் அதனை இயக்கியும் காட்டினார். எண்ணம் பெயினுடையது, காட்சிக்குக் கொணர்ந்த பெருமை மற்றவருடையது.

இறுதிக் காலம்

முதுமையில் பெயின் ஸ்காட்லாந்துக்கே திரும்பினார். கிளாஸ்கோ நகரில் மீண்டும் கடிகாரம் பழுதுபார்க்கும் தொழிலாளியாக வாழ்ந்தார். நாடெங்கும் தந்திக் கம்பிகள் பரவியிருந்தன. அவற்றின் வளர்ச்சிக்கு உழைத்தவர் யாரும் அறியாத ஒரு மூலையில் அன்றாடக் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார்.

அவருடைய நிலையைப் பின்னர் அறிந்த வில்லியம் தாம்சன் முதலிய அறிவியல் அறிஞர்கள் அவருக்காக அரசிடம் முறையிட்டனர். 1873ஆம் ஆண்டு, கிளாட்ஸ்டன் தலைமை அமைச்சராக இருந்த காலத்தில், ஆண்டுக்கு 80 பவுன் உதவித்தொகை அவருக்கு வழங்கப்பட்டது. அதனை நெடுநாள் துய்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. கால்கள் செயலிழந்த நிலையில், கிளாஸ்கோவை அடுத்த கிர்க்கின்டிலாக் என்னும் ஊரில் இருந்த நோயாளர் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். 1877 சனவரி 2ஆம் நாள் அங்கேயே காலமானார். அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்து ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழித்து, 2016ஆம் ஆண்டில், உருவத்தை மின்வழியே அனுப்பும் கருத்தை முதலில் வகுத்தவர் என்பதற்காக, அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் தொழில்நுட்ப எம்மி விருது அவருக்கு அளிக்கப்பட்டது.

விதை மரமான வரலாறு

இத்தாலியரான ஜியோவான்னி காசெல்லி, ‘பான்டெலிகிராஃப்’ என்னும் கருவியை உருவாக்கினார். 1865ஆம் ஆண்டு பாரிஸ், லியோன் நகரங்களுக்கிடையே அதன் வழியாகப் பொதுமக்களுக்கான சேவை தொடங்கியது. அச்சேவை வங்கிகளுக்குப் பயன்படும் என்று கருதப்பட்டதன் காரணம் எளிது: பணம் கொடுக்கச் சொல்லும் ஆணையில் இருக்கும் கையொப்பத்தைத் தொலைவிலிருந்தே ஒப்பிட்டுப் பார்க்க அது வழிசெய்தது. தொலைநகலுக்கும் வணிகத்துக்கும் இடையே உள்ள உறவு அன்றே தொடங்கிவிட்டது.

ஆயிரக்கணக்கான எழுத்துருக்களைக் கொண்ட சப்பானிய மொழியைத் தந்திக் குறியீட்டில் அடக்குவது கடினமாக இருந்தது. எனவே உருவத்தை அனுப்பும் முறையில் அந்நாட்டார் தனிக்கவனம் செலுத்தினர். 1928ஆம் ஆண்டு பேரரசரின் முடிசூட்டு விழாப் படங்கள், யசுஜிரோ நிவாவும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய கருவியின் வழியாகக் கியோத்தோவிலிருந்து தோக்கியோவுக்கு அனுப்பப்பட்டன.

1980ஆம் ஆண்டு பன்னாட்டுத் தொலைத்தொடர்பு அமைப்பு, மூன்றாம் தொகுதி எனப்படும் பொதுத் தரத்தை வகுத்தது. ஒரு வரிக்கு 1,728 புள்ளிகள்; ஒரு ஏ4 தாளுக்கு 1,100க்கும் மேற்பட்ட வரிகள். வெண்மையான இடங்களைச் சுருக்கிக் குறிக்கும் முறையால் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் சென்று சேர்ந்தது. எந்த நிறுவனத்தின் இயந்திரமும் எந்த நாட்டு இயந்திரத்தோடும் இயல்பான தொலைபேசித் தடத்திலேயே உரையாட முடிந்தது. அதன்பின் தொலைநகல் உலகெங்கும் பரவியது.

தமிழும் தொலைநகலும்

நம் நாட்டில் தந்தியின் மொழி பெரும்பாலும் ஆங்கிலமாகவே இருந்தது. சிற்றூரில் ஒரு வீட்டுக்குத் தந்தி வந்தால், ஆங்கிலம் அறிந்தவரைத் தேடிச் சென்று அதனைப் படிக்கச் செய்ய வேண்டியிருந்தது. மகிழ்ச்சியா துயரா என்பதை அறியும்வரை அக்குடும்பம் நெஞ்சம் பதைத்து நிற்கும். தமிழில் எழுத எண்ணியவர், தம் சொற்களை வேற்று எழுத்துகளில் மாற்றித் தர வேண்டியிருந்தது. பின்னர் வந்த டெலக்ஸ் இயந்திரத்தின் விசைகளும் பெரும்பாலும் உரோமன் எழுத்துகளையே அறிந்திருந்தன.

தொலைநகல் இத்தடையை நீக்கியது. தமிழில் எழுதிய தாள் தமிழாகவே சென்று சேர்ந்தது. கணினியில் தமிழ் எழுத்துருக்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இடர்ப்பட்ட காலத்தில்கூட, கையால் எழுதிய தமிழ்க் கட்டுரையும் செய்தியும் ஓர் எழுத்தும் சிதையாமல் கடல்கடந்து சென்றன. பெயின் தமிழ் எழுத்தைக் கண்டிருக்கமாட்டார். எனினும் எந்த மொழிக்கும் வேற்றுமை பாராட்டாத ஒரு வழியை அவர் திறந்துவைத்திருந்தார்.

இதழியல் துறையும் அவ்வழியைப் பயன்படுத்திக்கொண்டது. சென்னையில் அச்சான ‘தி இந்து’ நாளிதழை வெளியூர்களுக்கு விரைந்து சேர்ப்பதற்காக, அந்நிறுவனம் 1963ஆம் ஆண்டு சொந்த வானூர்திகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. அந்நாளில் சென்னையின் வானூர்தி நிலையம் இருந்த இடம், தாம்பரத்துக்கு வடக்கே இதே சாலையில் உள்ள மீனம்பாக்கம். நாளிதழ்க் கட்டுகள் வானில் பறந்த அந்நிலை ஆறே ஆண்டுகளில் மாறத் தொடங்கியது. 1969ஆம் ஆண்டு அந்நாளிதழின் பக்கங்கள் உருவப்பட முறையில் கோயம்புத்தூருக்கு அனுப்பப்பட்டு அங்கேயே அச்சாயின. சுமந்து சென்ற தாளுக்கு மாற்றாகத் தாளின் வடிவம் மட்டும் பயணம் செய்தது.

தாம்பரத்து ஏற்றுமதி மண்டலம் உருவான 1984ஆம் ஆண்டுக்குள் தொலைநகலின் பொதுத் தரம் உறுதிப்பட்டிருந்தது. மாலையில் இங்கிருந்து அனுப்பிய விலைப்பட்டியலுக்கு, அயல்நாட்டுப் பகற்பொழுதில் ஒப்புதல் கிடைத்து, மறுநாள் காலையில் அலுவலகம் திறக்கும்போது கையொப்பமிட்ட ஆணை இயந்திரத்தின் தட்டில் காத்திருக்கும். கண்டங்களுக்கு இடையே உள்ள நேர வேறுபாடு தடையாக இல்லாமல் துணையாக மாறியது.

இன்றும் ஏன்?

மின்னஞ்சலும் கைப்பேசியும் வந்தபின் தொலைநகலின் பயன்பாடு பெரிதும் குறைந்துவிட்டது. இந்தியாவில் தந்திச் சேவை 2013 சூலையில் நிறுத்தப்பட்டது. ஆனால் தொலைநகல் முற்றிலும் மறையவில்லை. அரசு அலுவலகங்கள் பலவற்றின் கடிதத் தலைப்பில் தொலைபேசி எண்ணுக்கும் மின்னஞ்சல் முகவரிக்கும் அருகே தொலைநகல் எண்ணும் இன்றும் இடம்பெறுகிறது. அமெரிக்க மருத்துவமனைகள் நோயாளர் ஆவணங்களை அனுப்ப அதனைப் பயன்படுத்துகின்றன. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின் தொடக்கத்தில் சப்பானிய மருத்துவமனைகள் நோயாளர் விவரங்களைத் தொலைநகல் வழியாகவே அறிவித்தன. நடுக்கடலில் செல்லும் கப்பல்கள் வானிலை வரைபடங்களை வானொலி அலைவழித் தொலைநகலாகப் பெறுகின்றன.

இதற்குக் காரணங்கள் உண்டு. தொலைநகல் ஒரு தொலைபேசி எண்ணிலிருந்து மற்றோர் எண்ணுக்கு நேரே செல்கிறது. சென்று சேர்ந்ததற்கான அறிக்கை அனுப்பியவருக்கு உடனே கிடைக்கிறது. தாளின் தலைப்பில் நாளும் நேரமும் எண்ணும் பதிகின்றன. பெறுபவரிடம் கணினி இல்லாவிடினும் குறையில்லை. சட்டமும் அதனை ஏற்றுக்கொண்டது. 1996ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அமைப்பு வகுத்த மின்வணிக மாதிரிச் சட்டம், தந்தி, டெலக்ஸ் ஆகியவற்றோடு தொலைநகலையும் தரவுச் செய்தியின் வகைகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டது. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 அம்மாதிரியைத் தழுவியே இயற்றப்பட்டது.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. வெப்பத்தாளில் அச்சான எழுத்து நாளடைவில் மங்கி மறையும். எண் ஒன்று பிறழ்ந்தால் மறைபொருள் வேற்றார் கையில் சேரும். ஆளில்லா அறையில் வந்து விழும் தாளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுப் பணித்துறை 2019 சனவரி முதல் புதிய தொலைநகல் இயந்திரங்களை வாங்குவதற்குத் தடை விதித்தது. இயந்திரத்துக்கு மாற்றாகக் கணினி வழியாகவும் இணையத் தடம் வழியாகவும் தொலைநகலை அனுப்பும் முறைகள் இன்று வழக்கில் உள்ளன. கருவி மாறுகிறது, தேவை மாறவில்லை.

தெரிந்து தெளிவோம்

தொலைநகல் அனுப்பும்போது தொலைபேசியில் கேட்கும் கீச்சொலி இரண்டு இயந்திரங்களின் உரையாடலாகும். அழைக்கும் இயந்திரம் தன்னை அறிவிக்க ஓர் ஒலியை எழுப்பும். ஏற்கும் இயந்திரம் வேறோர் ஒலியால் விடையிறுக்கும். எந்த விரைவில் அனுப்புவது என்பதை இரண்டும் உடன்பட்ட பின்னரே தாளின் முதல் வரி புறப்படும். பெயினின் இரண்டு ஊசல்கள் ஒத்து ஆட வேண்டியிருந்ததன் இன்றைய வடிவம் இதுவே.

பெயின் விட்டுச்சென்றது

ஒருவர் எழுதியதை மற்றொருவர் நம்பவேண்டுமாயின், எழுதியவரின் அடையாளம் அதில் இருக்க வேண்டும். பனையோலையில் இட்ட கீறல், முத்திரை, கையொப்பம், இன்றைய மின்கையொப்பம் ஆகிய எல்லாம் இத்தேவையிலிருந்து பிறந்தவையே. சொல்லை மட்டும் கொண்டுசென்ற கம்பியில், சொல்லுக்கு உரியவரின் அடையாளத்தையும் ஏற்றி அனுப்ப வழிகண்டவர் பெயின். தம் கண்டுபிடிப்பின்மீது தமக்குள்ள உரிமையை நிலைநாட்ட வாழ்நாளெல்லாம் போராடிய ஒருவரே, பிறருடைய ஆவணங்கள் உருமாறாமல் சென்று சேரும் வழியை வகுத்தார் என்பது எண்ணத்தக்கது.

அவர் உயர்கல்வி பெறவில்லை. செல்வர் வீட்டில் பிறக்கவில்லை. தம் கருவியால் பெரும்பொருள் ஈட்டவும் இல்லை. தாம் கற்ற கடிகாரத் தொழிலை நன்கு கற்றிருந்தார். புதிதாகக் கேட்ட மின்சாரத்தை அத்தொழிலோடு இணைத்துப் பார்த்தார். கைத்தொழிலில் தேர்ச்சியும் அறிவியலில் வேட்கையும் ஒருவரிடம் கூடும்போது என்ன விளையும் என்பதற்கு அவருடைய வாழ்க்கை சான்று. தொழிற்பேட்டைகளிலும் பட்டறைகளிலும் பயிற்சி பெறும் இன்றைய இளைஞர்களுள் பலர், அன்று விக் நகரில் பற்சக்கரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்த அந்த இளைஞரின் நிலையில்தான் இருக்கின்றனர். அவர்கள் கையிலுள்ள தொழிலும் நாளை எதனோடு இணையும் என்பதை எவரும் முன்கூட்டி அளந்துவிட இயலாது.